மூன்றாம் வீட்டுக் குப்பையும் நம் வீட்டு மாடியும்

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை போனில், மே மாதம் வரும்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நேரில்தான் சொல்வேன் என்றாய். உடனே அங்கே வசந்தத்தில் பறக்கும் மகரந்தம், தும்மல், முகமூடி என்று நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாய். நீ சொல்ல வேண்டிய விஷயம் எனக்குத் தெரியும். நீங்கள் அங்கே ஜப்பானிலேயே வீடு வாங்கப் போகிறீர்கள். இங்கே நூம்பலில் நீ திரும்பி வந்து குடியிருப்பதற்காக உன் அப்பா கட்டிய மாடி, பெயின்ட் வாசனை போகாமல் நிற்கிறது. இந்த இரண்டு வீடுகளையும் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று மே மாதம் வரை நீ ஒத்திகை பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேச வராது. நம் வீட்டு ரகசியங்கள் வேலப்பன்சாவடி வரைக்கும் கேட்கும். கவிதா சொல்லியிருப்பாளோ என்று பெண்டாட்டியைச் சந்தேகப்படாதே. அவளிடமிருந்து ஒரு விஷயத்தை வரவழைப்பதைவிட இந்த ஊரில் தண்ணீர் இணைப்பு வாங்குவது சுலபம். எனக்குத் தெரிந்தது வேறு வழியில். கொஞ்சம் மானக்கேடான வழி. அதைச் சொல்ல என் உத்தியோகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் நான் செக்கர். அங்கே நான் என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை; சாயங்காலம் பன் வாங்கி வருவேன் என்பது மட்டும் உனக்குத் தெரியும். கால்சட்டைகள் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். தையலை எண்ணுவேன், பொத்தானை இழுத்துப் பார்ப்பேன், கடைசியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் கையை விட்டு மூலைவரை தடவுவேன், அடித்தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று. ஒரு ராணுவத்தின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரு காலத்தில் காலியாக இருந்தன என்பதற்கு நான் நேரடி சாட்சி. சாயங்காலம் சங்கு ஊதினால் மனிதர்கள் வெளியே வந்துவிடலாம். என் கை மட்டும் வேலையை விடாமல் என்னோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ முதல் வேலைக்குப் போன வருஷம், துவைக்கப் போட்ட உன் பேண்டில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஜப்பானிய மொழி மாலை வகுப்புக்கான விண்ணப்பம். யோசித்து, நல்ல நேரம் பார்த்து, தனியாகக் கூப்பிட்டு உன்னைக் கேட்டிருக்கலாம். உன் சித்தப்பா குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த அன்று, எல்லோர் தட்டிலும் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். நீ அது நண்பனுடைய விண்ணப்பம் என்றாய். விசா கைக்கு வரும் வரை அது நண்பனுடையதாகவே இருந்தது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. மறுநாளிலிருந்து நீ துவைக்கப் போட்ட எந்தப் பேண்டிலும் எதுவும் இருந்ததில்லை. ஒரு பஸ் டிக்கெட், ஒரு பேனா மூடி, ஒன்றும் கிடையாது. பாக்கெட்டுகளை வெளியே இழுத்து, நாய் நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி தொங்கவிட்டுப் போடுவாய். என் பையன் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களிடம் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அது எனக்கு நீ எழுதிய கடிதம் என்று புரிய எனக்குப் பதினைந்து வருஷமும் ஒரு விமானப் பயணமும் தேவைப்பட்டன.

சென்ற வருஷம் மார்ச்சில் நாங்கள் இருவரும் தொண்ணூறு நாள் விசாவில் வந்து இறங்கியபோது, யாழினி ஒன்றாம் வகுப்பில் சேர இன்னும் ஒரு மாதம் இருந்தது. பள்ளிக்கூடம் அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு கவிதா அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். செருப்புக்கு ஒரு பை, உடுப்புக்கு ஒரு பை, சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிக்க ஒரு துணி; எல்லாவற்றுக்கும் நீள அகலம் குறித்து, வீட்டிலேயே தைத்தால் நல்லது என்று கனிவாகப் போட்டிருந்தார்கள். கனிவாகப் போட்டால் கட்டாயம் என்று அர்த்தமாம். நான் இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். பீரங்கி இழுத்தாலும் அந்தச் செருப்புப் பை கிழியாது. என் உத்தியோகம் குடும்பத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் உங்கள் வீட்டுக்குக் குப்பை முறை வந்தது. ஒன்பது வீட்டுத் தெருவில், வாரம் ஒரு வீடு. ஒரு சின்னப் பலகை வாசலுக்கு வாசல் கைமாறும். அது யார் வீட்டில் தொங்குகிறதோ அவர்கள் காலையில் பைகள்மீது காக்கைக்கு வலை விரித்து, வண்டி போனதும் வலையை மடித்து, இடத்தைப் பெருக்க வேண்டும். நீயும் கவிதாவும் வேலைக்கு ஓடுகிறீர்களே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எந்தக் கிழமை எரியும் குப்பை, எந்தக் கிழமை பிளாஸ்டிக், எந்தக் கிழமை காகிதம் என்று யாழினிதான் எனக்கு வகுப்பு எடுத்தாள். ஊரே கூடிப் படம் எடுத்த செர்ரிப் பூவெல்லாம் அந்த வாரம் உதிர்ந்து வலைமேல் கிடந்தது. இது என்ன குப்பை என்று கேட்டேன். எரியும் குப்பை பாட்டி, செவ்வாய் வெள்ளி என்றாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி போன பிறகு, ஒரு பை மட்டும் சிவப்பு ஸ்டிக்கரோடு கிடந்தது. பிரித்தது சரியில்லை என்று வண்டிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முறை என்னுடையது. நிராகரிக்கப்பட்ட சரக்கு என் மேஜையில் கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவிழ்த்தேன். பாட்டில் மூடிகளைத் தனியே எடுத்தேன், மறுபடி கட்டினேன். வெள்ளிக்கிழமை ஸ்டிக்கர் ஒட்டும்வரை காத்திருப்பானேன் என்று, வண்டி வருவதற்கு முன்பே எல்லாப் பைகளையும் அவிழ்த்துப் பார்த்து வைத்தேன். ஒன்பது வீட்டில் நான்கு தேறின.

மூன்றாம் வீட்டுப் பையில் கோப்பை நூடுல்ஸும் கடைச் சாப்பாட்டுப் பெட்டியும் தவிர வேறெதுவும் இல்லை. காய்கறித் தோல் ஒரு துண்டு கிடையாது. பாவம், சைதோ சார் தனியாக இருக்கிறார், வாய்க்கு ருசியாக ஒரு வாய் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டினேன். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு டப்பாவில் போட்டு, அன்று மாலையே யாழினியை அனுப்பினேன். ஏன் கொடுத்தாய் என்று அவர் கேட்டிருக்கிறார். உங்கள் குப்பையில் நூடுல்ஸ்தான் இருக்கிறது, அதனால் பாட்டி கொடுத்தாள் என்று பேத்தி சுத்தமான ஜப்பானிய மொழியில் விளக்கியிருக்கிறாள். அவர் இடுப்பை மடித்து மூன்று தடவை வணங்கினாராம். மறுநாள் கழுவித் துடைத்த டப்பாவில் ஒரு பொட்டலம் பிஸ்கட் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த செவ்வாய், முறை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் நம் பையை வைக்கப் போனபோது அவருடைய பையை வெளியிலிருந்தே கண்ணால் பார்த்தேன். உள்ளே ஒவ்வொரு பொருளும் செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

அதைப் பார்த்து எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. என்ன சுத்தமான மனிதர் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தெருச் சங்கத்துத் தலைவி வந்து வாசலில் நின்று கவிதாவிடம் இருபது நிமிஷம் பூவைப் பற்றிப் பேசினார். போகும்போது, உங்கள் மாமியார் ரொம்பவும் கவனமானவர் என்று சொல்லிவிட்டுப் போனார். கவிதா கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ இனிப்புப் பொட்டலங்கள் வாங்கி வந்தாய். எட்டு வீட்டுக்கும் என்னையும் அழைத்துக்கொண்டு போய்க் குனிந்தாய். நீ எவ்வளவு குனிந்தாயோ அவ்வளவு நானும் குனிந்தேன். எட்டாவது வீட்டுக்கு வரும்போது எனக்கு இடுப்பும் வலித்தது, விஷயமும் புரிய ஆரம்பித்தது. திரும்பி வரும் வழியில் நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும்மா," என்றாய். "பைதான் உள்ள இருக்கறது தெரியற மாதிரி இருக்கே. ஆனா பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பாங்க. அதுதாம்மா மரியாத."

இனி யார் பையையும் திறக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு மூன்று வாரம் தாங்கியது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் வாரம், காகிதம் போடும் நாள். பழைய காகிதங்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போனாய். கட்டு என்பது பை அல்ல, திறக்க அதில் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். ஓரத்தை நேராக்கத் தட்டியபோது ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டு வரைபடம்; நீங்கள் குடியிருக்கும் வீட்டுடையது அல்ல. எழுத்து புரியாவிட்டாலும் வரைபடம் புரியும். உடுப்புக்கு வெட்டும் அச்சைப் பார்த்தே முப்பத்தோரு வருஷம் ஓட்டியவள் நான். கீழே இரண்டு அறை, மேலே மூன்று. மேலே ஓர் அறையில் யாழினி மஞ்சள் பென்சிலால் பூனை வரைந்திருந்தாள். கீழே, குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் தமிழில், பென்சிலில், உன் கையெழுத்து: அப்பா அம்மா. படி ஏற வேண்டாம்.

தாளை எங்கே இருந்ததோ அங்கேயே செருகினேன். கட்டை இறுக்கிக் கட்டினேன். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. முப்பத்தோரு வருஷத்தில் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதாமல் நான் அனுப்பிய ஒரே சரக்கு அதுதான்.

இனி வருவது என் உண்மையான தப்பு. ஊருக்கு வந்ததும் உன் அப்பா மாடி கட்ட ஆரம்பித்தார். டாங்கி ஆலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, இத்தனை வருஷம் கழித்து ஆள் வைத்து வேலை வாங்க ஒரு வாய்ப்பு. வரப்போகிறவன் வரமாட்டான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். மறுபடி குப்பையைக் கிளறினாயா என்பார். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். கம்பி கட்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள், நான் கீழேயிருந்து டீ போட்டு அனுப்பினேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது மரியாதை என்று நீ சொன்னதை என் வசதிக்கு வளைத்துக்கொண்டேன். ஊரான் குப்பைக்கு அது மரியாதை. கட்டிய புருஷன் வெயிலில் நின்று செங்கல் எண்ணும்போது அது மரியாதை இல்லை, பிரபு. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை.

அதிலும் ஒரு கூத்து. உங்கள் வீட்டில் கதவைத் திறந்ததும் செருப்பு விட ஓரடி தாழ்வாக ஓர் இடம் இருக்குமே, அது உன் அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாடியிலும் அப்படி வேண்டும் என்றார். ஏழுமலை மேஸ்திரிக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார், ஊட்டுக்குள்ள நொழஞ்சதும் பள்ளம் வெச்சிகினு? தண்ணி நின்னுக்கும் சார்."

"செருப்பு விடறதுக்கு மேஸ்திரி. ஜப்பான்ல அப்படித்தான். பேத்திக்கு அதுதான் பழக்கம்."

"செருப்பு உட வெளிய அம்மாம் பெரிய தெருவே கீது சார்."

இருந்தாலும் கட்டிக் கொடுத்தான். ஒரு வாரம் தெருவில் எல்லோரும் வந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதில் மீன் விடப் போகிறீர்களா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உன் அப்பா உற்சாகமாகிவிட்டார். பையன் நேரில் வந்து சொல்கிறேன் என்கிறான், திரும்பி வரும் விஷயமாகத்தான் இருக்கும் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாடிக்குப் போனேன். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து செருப்பு அலமாரிக்குப் பலகை அளந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காகிதக் கட்டு, வரைபடம், மஞ்சள் பூனை. பென்சில் எழுத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அளவு டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன மே மாசம்."

"அப்ப கம்பி கட்டறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

"சொல்லியிருக்கலாம் நீ," என்றார். கத்தவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வரமாட்டான்னு எனக்கும் நடுவுல தோணிச்சு. கையில வேல இருந்திச்சு, யோசிக்கல," என்றார்.

அப்போதுதான் கீழ் அறையையும் அதில் நீ எழுதியிருந்ததையும் சொன்னேன். அளவு டேப்பை மறுபடி வெளியே எடுத்தார். பிறகு அறை எவ்வளவு பெரிது என்று கேட்டார். பத்துக்குப் பத்து இருக்கும் என்றேன். ஜன்னல் எத்தனை என்றார். இரண்டு என்றேன்.

"நான் அவனுக்கு மூணு வெச்சிருக்கேன்," என்றார்.

அன்று மத்தியானமே தரகரிடம் சொல்லிவிட்டார். புதன்கிழமை ஒரு ஜோடி வந்து பார்த்தது. இருவருக்கும் போரூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, திருநெல்வேலிக்காரர்கள், இரண்டு வயதுக் குழந்தை. சித்திரையில் குடி வருகிறார்கள். இது எதற்கு ஆன்ட்டி என்று அந்தப் பெண் பள்ளத்தைக் காட்டிக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் குழந்தை அதில் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்து வர மாட்டேன் என்றது. ஏழுமலை, மூடிவிடலாமா என்று போனில் கேட்டான். இருக்கட்டும், குடி வருகிறவர்களும் செருப்பு போடத்தானே போகிறார்கள் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அதனால் மாடியைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றுமில்லை. அவர் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறார். அது கட்டட வேலை முடிந்ததாலும் இருக்கலாம். நீ வந்தால் இரண்டு நாள் அவரோடு மாடிக்குப் போய், ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பார். நன்றாக இருக்கிறது என்று சொல். உண்மையாகவே நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. கீழ் அறைக்கு எங்கள் பெயரை வைக்காதே. வந்தால் தொண்ணூறு நாள் இருப்போம், மீதி நாளெல்லாம் அது வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் ஒரு வீட்டைக் கீழேயிருந்து இத்தனை மாதம் அண்ணாந்து பார்த்தவள் சொல்கிறேன், நல்லதில்லை. இஸ்திரி மேஜையைப் போடு, கவிதாவுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிப் போடு. நாங்கள் வந்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். யாழினிக்கு இந்த ஏப்ரலில் இரண்டாம் வகுப்பு. அவள் புத்தகப் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வரும். அது உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கக்கூடும். அவள் எதிரில் இருக்கும்போது கேள். ரசம் ஊற்றும்போது கேட்காதே.

மே மாதம் வந்து, நீ சொல்ல நினைத்ததை உன் வாயாலேயே சொல். எங்களுக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிடாதே. நாங்கள் இருவரும் முதல் தடவை கேட்பது போலக் கேட்போம். அந்த மரியாதையை உங்கள் ஊரில் கற்றுக்கொண்டு வந்தோம், இப்போது அதற்குச் சரியான இடமும் தெரிந்துவிட்டது. இன்னொன்று. கிளம்புவதற்குள் ஒரு பேண்டையாவது பாக்கெட்டை வெளியே இழுத்துவிடாமல் அழுக்குக்கூடையில் போடு. உள்ளே ஏதாவது இருக்கட்டும், ஒரு ரயில் டிக்கெட் போதும். எடுத்து உன் மேஜைமேல் வைத்துவிட்டுத் துவைப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். ஜப்பானிய மொழியில் இருந்தால் எனக்குப் புரியப்போவதும் இல்லை. தமிழில் இருந்தாலும் மாட்டேன்.

அம்மா